கட்டைமீன்

நீரில் விழுந்த ஓசை அடங்கிய பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும், விழும்போதே அல்ல, இதை ஆரோக்கியநாதன் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பான், ஒன்று, இரண்டு, இப்போது அது வெளிச்சத்தை விட்டு இறங்கிக்கொண்டிருக்கும், மூன்று, நான்கு, பச்சை நீர் கறுக்கத் தொடங்கும் இடம், ஐந்து, ஆறு, தூண்டில் நரம்பு சுட்டுவிரலின் மேல் ஈரமாக ஓடுகிறது, பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுச் சுற்ற வேண்டும், பன்னிரண்டில்தான் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு ஒரு முழம் மேலே அது நிற்கும், அதற்குமேல் பொறுத்தால் மாட்டிக்கொள்ளும், சென்ற பங்குனியில் மாட்டிக்கொண்டது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, சுற்று. இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு சுற்று. ஒரு சாண் நீளமுள்ள மரத்துண்டு அந்த இருட்டில் ஒரு மீனைப்போல இடமும் வலமும் முதுகை நெளித்துக்கொண்டு என்னை நோக்கி வருகிறது. மலைவேம்பில் செதுக்கிய மூன்று துண்டுகள், நடுவில் எஃகு வளையங்கள், வயிற்றில் ஈயம், அடியில் மும்முனைத் தூண்டில்முள் இரண்டு, விலாவில் செம்புள்ளிகள். நாங்கள் அதைக் கட்டைமீன் என்றோம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஏரிக் காவலர் பெள்ளி கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "சார், இது மீன் பிடிக்கவா, இல்ல மீனை மண்டையில அடிக்கவா?" என்றார். "ரெண்டும்தான் பெள்ளி. முதல்ல அடிச்சு மயக்கம் போட வெச்சுட்டு அப்புறம் பிடிப்போம்" என்றான் ஆரோக்கியநாதன். அவன் சிரிப்பு இந்த ஏரியில் எதிர்க்கரை வரை போய்த் திரும்பும். இன்று எதுவும் திரும்பவில்லை. கட்டைமீன் காலடிக்கு வந்துவிட்டது, பின்னால் ஒன்றுமில்லை. மறுபடி வீசு.

பின்னால் பாறையில் அவன் மனைவி பிலோமினா உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, ஆரோக்கியநாதனின் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மடியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு, என் முதுகைப் பார்த்தபடி இருக்கிறார். காலையில் குன்னூரில் ஜீப்பில் ஏறும்போதே சொல்லிவிட்டார். "நாளைக்கு அவருக்கு வருஷப் பூசை. பசங்க ரெண்டு பேரும் இன்னிக்குச் சாயங்காலம் வந்துருவாங்க. பூசை முடிஞ்சதும் உங்களைச் சுத்தி உக்காந்துக்குவாங்க அண்ணா. ஃபோன்ல கேட்டது வேற, நேர்ல கேக்கறது வேற. அதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிடுங்க. அவர் 'அறுத்துடவா'ன்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?" சொன்னேனே, என்றேன். "சொன்னீங்க. மூணு தடவை சொன்னீங்க. மூணும் மூணு விதம்." தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பிறர் சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லி வாழ்ந்தவர் அவர், அந்தக் காதிடம் நான் என்ன மறைக்க முடியும். அந்த இடத்தில் போய் நின்றால் நினைவு வரும் என்றேன். அது பொய்யன்று. உடம்பு அதே தூண்டில்கோலைப் பிடித்து, அதே திசையில், அதே எடையை வீசினால், வாய் அன்று சொன்னதை மறுபடியும் சொல்லிவிடும் என்று நம்பித்தான் வந்தேன். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து வீசிக்கொண்டிருக்கிறேன். நான்கு, ஐந்து, ஆறு. வெயில் மேற்குச் சரிவின் சீகை மரங்களைத் தொட்டுவிட்டது. ஐந்தரைக்குப் பெள்ளி விசில் ஊதுவார், அதற்குமேல் கரையில் யாரும் நிற்கக்கூடாது.

நடந்ததில் எனக்கு ஐயமில்லை, ஐயமெல்லாம் சொன்னதில்தான். நடந்தது இவ்வளவே. மூன்றரை மணி இருக்கும். இந்த ஏரியின் பெரிய ட்ரவுட் மீன்கள் ஒரு குறிப்பிட்ட வயதுக்குமேல் பூச்சியைத் திரும்பிப் பார்ப்பதில்லை, தம் இனத்துக் குஞ்சுகளைத்தான் தின்கின்றன, வாரத்துக்கு ஒரு பெரிய உடல் கிடைத்தால் போதும் என்று ஆழத்தில் கிடக்கின்றன. ஆகவே சிறு இரையைக் காட்டி அவற்றை அழைக்க முடியாது. இருபது நாள் வீசினால் ஒரு நாள் ஒன்று பின்னால் வந்து பார்க்கும், அதுவே பெரும் பேறு. அன்று வந்தது. என் கையை நீட்டி வைத்தால் தோள் வரை இருக்கும். ஆரோக்கியநாதன் வேகத்தைக் கூட்டினான், அது பாய்ந்தது, முள்ளில் படாமல் இடித்துவிட்டுப் போயிற்று. அடிபட்ட குஞ்சுபோலக் கட்டைமீனைச் சற்றே மூழ்கவிட்டான், அதுதான் முறை, மூழ்கியது அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், பக்கவாட்டில் நடந்து இழுத்தான், கோலைத் தட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, அறுத்துடவா?" என்றான். நான் ஏதோ சொன்னேன். அவன் கோலை என் கையில் கொடுத்துவிட்டு, மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்போடு நீருக்குள் இறங்கினான். நரம்பைப் பிடித்துக்கொண்டே இருபது அடி நடந்தான், நீர் இடுப்புக்கு வந்தது, ஒரு முறை திரும்பிக் கையை ஆட்டினான், பிறகு அணை கட்டுவதற்கு முன் ஓடிய பழைய ஓடையின் விளிம்பில் கால் வைத்தான். உடுப்புக்குள் நீர் நிறைந்துவிட்டால் எந்த நீச்சலும் உதவாது. எனக்கு நீச்சல் தெரியாது. பெள்ளி மேட்டிலிருந்து ஓடி வந்தபோது தொப்பி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் எடுத்தார்கள். பெள்ளியிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். என் குரல் கேட்டதாம், சொல் கேட்கவில்லையாம். "காத்து அந்தப் பக்கம் அடிச்சுது சார். நீங்க சத்தமாவும் பேசலை. சாதாரணமாத்தான் பேசுனீங்க." சாதாரணமாக. அந்தச் சொல்லை ஓராண்டாகச் சுமக்கிறேன். எச்சரிக்கிறவன் சாதாரணமாகவா பேசுவான்.

முதற்கூற்று, அன்று மாலை காவல் நிலையத்தில்: 'அறுத்துவிடு என்று சொன்னேன்.' இரண்டாம் கூற்று, பதினாறாம் நாள் பிலோமினாவிடம்: 'அறுத்துடுப்பா, வேற செஞ்சுக்கலாம்னு சொன்னேன்.' மூன்றாம் கூற்று, நண்பர்கள் கூடிய நினைவுக் கூட்டத்தில்: 'பத்துத் தடவை சொன்னேன், அறுத்துடுன்னு, கேக்கலை.' எப்படி வளர்கிறது பாருங்கள். முதலில் வெறும் சொல், அதன்மேல் ஓர் அன்பு, அதன்மேல் ஓர் எண்ணிக்கை. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே ஒரு கதைப்பாடலைத் தொடர்ந்து போனவன் நான், கன்றைத் தேடி ஆற்றில் இறங்கி இறந்த ஒருத்தியின் பாட்டு, நாற்பத்து மூன்று வடிவங்கள், நூற்றாறு ஒலிநாடாக்கள். ஓர் ஊரில் மட்டும் அவள் கணவன் பத்து முறை முங்கித் தேடுகிறான். மற்ற ஊர்களிலெல்லாம் அவன் கரையில் நின்று அவிழ்ந்த தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். சொல்பவனுக்குப் பெருமை தருவது பிந்தியது, சங்கடம் தருவது முந்தியது. இதை விதியாகவே எழுதினேன், தலைப்பாகைதான் மூலம் என்று நிறுவினேன். முங்கிய வடிவத்தைப் பாடியவர் அந்தக் கணவனின் வழிவந்தவர், காளியண்ணன் என்று பெயர். அச்சான பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், பெருமையாகத்தான் படித்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "எங்க முப்பாட்டன் பத்து வாட்டி முங்கினாரு. நீங்க அன்னிக்கு ஆத்தங்கரையில நின்னீங்களாக்கும்?" என்றார். என் ஒலிப்பதிவுக் கருவியைத் தம் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து தூக்கி வெளியே வைத்தார். அதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், தகவலாளர் சினங்கொண்டார் என்று. எட்டு, ஒன்பது. நீர் என்ன குளிராக இருக்கிறது, விரல்நுனி மரத்துவிட்டது. பத்து முறை என்று என் வாயில் எப்படி வந்தது? நான் எங்கே கேட்டேன் அதை? காளியண்ணனின் நாடாவிலிருந்து எடுத்திருக்கிறேன், வேறு எங்கிருந்து.

மூன்றும் பிந்தியவை என்றால் முந்தியது எது. அது சித்திரையில் ஒரு நாள் வந்தது, முகம் மழித்துக்கொண்டிருந்தேன், கன்னத்தில் நுரை, கண்ணாடியில் என் வாய் தானாக அசைந்தது: 'நாலு மாச வேலைப்பா அது.' அவ்வளவுதான். இறங்கு என்றில்லை, விடாதே என்றுகூட இல்லை. கத்தி அப்படியே நின்றது. அதில் அறிவுரை இல்லை, அன்பு இல்லை, எண் மட்டும் இருக்கிறது, அந்த எண்ணோ உண்மையான எண். நான் செதுக்கிய முதல் எட்டுக் கட்டைகள் நீரில் ஒருக்களித்து விழுந்தன, ஒன்பதாவது நீந்தியது, நான்கு மாதம் ஆயிற்று. இப்படி ஒன்றை எவன் இட்டுக்கட்டுவான். என் விதிப்படி இதுவே மூலம். சரி, அப்படியானால் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே, ஏன் பதினோரு மாதம் பொறுத்தேன். ஏனென்றால் அந்த விதியை எழுதியவனுக்கு அதன் ஓட்டையும் தெரியும். தன்னைத் தண்டித்துக்கொள்ள விரும்புகிற ஒருவன் தனக்குச் சங்கடமானதையே இட்டுக்கட்டலாம், அவனுக்கு அதுவே பெருமை. விதியை அறிந்த ஒருவன் விதிக்குப் பொருந்தும்படி ஒரு மூலத்தைச் செய்துகொள்ளலாம். நாற்பத்து மூன்று வடிவங்களிலும் இப்படி ஒரு பாடகனை நான் கண்டதில்லை, ஆனால் என்னைப்போல ஒரு பாடகனையும் கண்டதில்லை. ஆரோக்கியநாதன் அடக்கமான பிறகு, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அதே அளவில் இன்னொன்று செதுக்கினேன், இதோ இப்போது வீசுவது அதுதான். வளைவுகள் விரலுக்குத் தெரிந்துவிட்டிருந்தன. பதினோரு நாளில் முடிந்துவிட்டது. முடிந்த அன்று சாயம் காயட்டும் என்று சன்னலில் தொங்கவிட்டுவிட்டு, உள்ளறையில் போய்த் தரையில் படுத்தேன். பதினோரு நாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இதற்கு ஒரே ஒரு வடிவம்தான் இருக்கிறது.

எங்கே விட்டேன், ஏழா எட்டா, எண்ணிக்கை தப்பிவிட்டது, சுற்று, உடனே சுற்று. இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். மாட்டவில்லை. மாட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேனே, அதை ஒப்புக்கொள்ள வேண்டும், மாட்டியிருந்தால் வாய் பேசியிருக்கும். மேகம் ஏரியின் மேல் நிழலை இழுத்துக்கொண்டு போகிறது, நீருக்குள் இப்போது கண் இறங்குகிறது, கட்டைமீனின் செம்புள்ளிகள் தெரிகின்றன, அதற்குப் பின்னால், அதற்கு ஒரு முழம் பின்னால், அடியிலிருந்து ஏதோ பிரிந்து மேலே வருகிறது, கட்டையன்று, கட்டைக்கு வாய் கிடையாது. அது. அதுவேதானா, வேறொன்றா, தெரியாது. வளைந்த கீழ்த்தாடை. அவசரமேயில்லாமல், ஒரு வாலடி, பிறகு சும்மா மிதந்து, பிறகு ஒரு வாலடி. இப்போது வேகத்தைக் கூட்ட வேண்டும். துரத்தப்படுகிற எந்தக் குஞ்சும் மெதுவாகப் போகாது, ஆரோக்கியநாதன் இதை என் மணிக்கட்டைப் பிடித்துக் கற்பித்திருக்கிறான், "எல்லாரும் பண்ற தப்பு இதுதான் வாத்தியாரே, ஐயோ விட்டுட்டுப் போயிருமோன்னு மெதுவாக்குவாங்க. அங்கதான் அது புரிஞ்சுக்கும், இது பொய்னு." கூட்டு. கூட்டு என்று எனக்கே கேட்கச் சொல்கிறேன், என் கை மெதுவாகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விரல்கள் கைப்பிடியை மென்மையாக, ஏதோ தூங்கும் ஒன்றை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோலச் சுற்றுகின்றன, அது நெருங்கி வருகிறது, ஒரு சாண் தொலைவு, கண்ணின் கறுப்பு வட்டம் தெரிகிறது, அதைச் சுற்றிய பொன்வளையம் தெரிகிறது, கை இன்னும் மெதுவாகிறது. அது நின்றது. கட்டைமீனைப் பார்த்தது. என்னைப் பார்த்தது என்று எழுதினால் அது பிந்திய வடிவம், ஆகவே கட்டைமீனைப் பார்த்தது. விலாவைக் காட்டித் திரும்பி, இறங்கி, இல்லாமல் போயிற்று.

எனக்கு மீனைப் பற்றிய வருத்தம் ஒரு துளியும் இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தெரிந்த ஒன்றை, சரியானது என்று ஐயமறத் தெரிந்த ஒன்றை, வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செய்யாமல் விட்ட கை. கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம் வந்தால் இந்த உடம்பு என்ன செய்யும் என்று கேட்கத்தான் வந்தேன், சொல்லிவிட்டது. இந்தக் கைக்குச் சொந்தக்காரன் அன்று 'அறுத்துவிடு' என்று சொல்லியிருக்க மாட்டான். அவனிடம் அறுக்கவா என்று ஒருவன் கேட்டால், நீரைப் பார்த்தபடி, உரக்கவும் இல்லாமல், சாதாரணமாக, நான்கு மாத வேலையப்பா அது என்றுதான் சொல்லுவான். சொல்லிவிட்டுக் காத்திருப்பான். ஆரோக்கியநாதன் போய் எடுத்து வருவான் என்று அவனுக்குத் தெரியும், நண்பர்களைப் பற்றி இவ்வளவாவது தெரிந்திருக்கும். இனி ஓட்டையுமில்லை, ஐயமுமில்லை. ஓராண்டாக இதைத்தான் தேடினேன், கிடைத்தால் நெஞ்சு எப்படியாவது அசையும் என்று நினைத்திருந்தேன். எதுவும் அசையவில்லை. கால்விரல்கள் குளிர்கின்றன. பிலோமினா பாறையை விட்டு எழுந்து வரும் ஓசை, சரளைக்கல், சரளைக்கல்.

"என்னாச்சு அண்ணா? ஏன் வீசலை?"

"வந்துச்சு. திரும்பிடுச்சு."

"பெருசா?"

"பெருசுதான்."

அவர் நீரைப் பார்த்தார். தேநீரை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை. பெள்ளி மேட்டில் ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் நாளை கோயில் வாசலில் நான்காவதாக ஒன்றைச் சொல்வேன், அடுத்த ஆண்டு ஐந்தாவதாக ஒன்றை.

"நான் அறுத்துடுன்னு சொல்லலை பிலோமினா."

அவர் பிளாஸ்கைக் கல்லின் மேல் வைத்தார்.

"ஒரு தடவைகூடச் சொல்லலை. 'நாலு மாச வேலைப்பா அது'ன்னேன். அதான் சொன்னேன். அவன் சிரிச்சான், கோலை என்கிட்டக் கொடுத்தான், இறங்கிட்டான்."

சிரித்தான் என்பது எங்கிருந்து வந்தது? சொல்லும்போதே சேர்ந்துவிட்டது. திருத்த வாயெடுத்தேன், அவர் கையை உயர்த்தினார்.

"போதும். அப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"எப்படி…"

"அவர் யாரும் பத்துத் தடவை சொல்லி எதையும் செஞ்சதுமில்லை, விட்டதுமில்லை. ஒரு தடவை சொன்னாப் போதும், செஞ்சுருவார். அறுன்னு சொல்லியிருந்தா அறுத்திருப்பார்." குரல் சற்றும் உயரவில்லை. "உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க அண்ணா. அது வேற. அதுக்கு நாள் ஆகும். ஆகாமலும் போகலாம்."

"நாளைக்குப் பசங்ககிட்ட நானே…"

"வேணாம்." என் கையிலிருந்த மூடியை வாங்கி, ஆறிய தேநீரைக் கல்லில் ஊற்றினார். "நாளைக்கு இதைச் சொல்லாதீங்க. பெரியவன் அந்தக் கூட்டத்துல நீங்க சொன்னதைத்தான் பிடிச்சு வெச்சிருக்கான். எங்க அப்பா யார் சொன்னாலும் கேக்காத ஆளுன்னு அவன் பிள்ளைங்ககிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். இந்த ஒரு வருஷத்துல அவன் சிரிக்கறது அது ஒண்ணுக்குத்தான். உங்க நாலு மாசத்தைக் கொண்டுபோய் அங்க வெச்சீங்கன்னா அவனுக்கு என்ன மிஞ்சும்? பத்துத் தடவை சொன்னதாவே இருக்கட்டும்."

"அது பொய்யில்லையா பிலோமினா."

"ஆமா. உங்களுக்குச் சொல்லத் தெரியாததா?"

மேட்டிலிருந்து பெள்ளி ஒரு முறை விசில் ஊதினார். நான் நரம்பைச் சுற்றிக் கட்டைமீனைக் கோலின் வளையத்தில் மாட்டினேன், முள் ஒன்று பெருவிரலில் குத்தியது, எடுத்தேன். அவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றார்.

"இப்பச் சொல்லுங்க. கேக்கறேன்."

"இங்கேயா?"

"நாளைக்கு அவங்க முன்னாடி நீங்க தடுமாறக் கூடாது. சொல்லுங்க."

"பத்துத் தடவை சொன்னேன், அறுத்துடுன்னு. கேக்கலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையை அசைத்தார். "'கேக்கலை'க்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க. கூட்டத்துல நிறுத்துனீங்க."

சொன்னேன். அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன், நீருக்கு மேல் ஒரு சிறு காற்று வந்து போகும் அளவுக்கு நிறுத்தினேன், பிறகு முடித்தேன். ஒரு சொல்லும் எங்கும் சிக்கவில்லை.